ஸ்லைடு தயாரிப்பது எப்படி: ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி விரிவுரையாளர்கள், அலுவலகங்களில் பயிற்சி நடத்துகிறவர்கள் என்று ஸ்லைடு போட்டுப் பேச வேண்டியவர்களுக்காக எழுதியது. பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆஃபீஸ், கேன்வா என எதில் செய்தாலும் சங்கதி ஒன்றுதான்.

ஒரு ஸ்லைடில் எத்தனை வரி வைக்கலாம்? ஆறு வரி, வரிக்கு ஆறு சொல் என்கிறார்களே?

அது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். இதற்குச் சான்றாக அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். மனம் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களை, அதில் இரண்டு கூடவோ குறையவோ, பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அதில் வரும். 2001இல் நெல்சன் கோவன் அந்த எண்ணை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார். ஆனால் இரண்டு பேருமே ஸ்லைடைப் பற்றிப் பேசவில்லை. சற்று முன் கேட்டதை எதிரில் வைத்துக்கொள்ளாமல் எவ்வளவு நினைவில் நிறுத்த முடியும் என்பதுதான் அவர்கள் கேள்வி. திரையில் இருப்பதை யாரும் அப்படி மனதில் சுமக்க வேண்டியதில்லை, அது கண்ணெதிரே இருக்கிறது.

வரியை எண்ணுவதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: நான் பேசும்போது இவர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்களா? ஆம் என்றால் நான்கு வரியும் அதிகம்தான். இல்லை என்றால் பத்துப் பெயர்கள் எழுதிய ஒரு வரைபடம்கூடப் பரவாயில்லை.

நான் பேசுவதையே திரையிலும் போட்டால் இரண்டு மடங்கு பதியாதா?

பதியாது. பெரும்பாலும் குறைவாகத்தான் பதியும். வாசிக்கும்போது நமக்குள்ளேயே ஒரு குரல் அந்தச் சொற்களை உச்சரிக்கிறது. காதில் விழும் உங்கள் பேச்சும் அந்தக் குரலும் ஒரே வழியில் நுழையப் பார்க்கின்றன. அதோடு நீங்கள் பேசும் வேகத்தைவிட அவர்கள் வாசிக்கும் வேகம் அதிகம். மூன்றாவது வரிக்கு நீங்கள் வருவதற்குள் அவர்கள் கடைசி வரியை முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

சொல்லும் படமும் மனதில் தனித்தனி வழிகளில் பதிகின்றன என்று கனடாவின் ஆலன் பைவியோ 1971இல் எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்டு மேயர் இதைப் பாடம் கற்பிப்பதோடு பொருத்திப் பல பத்தாண்டுகள் சோதனை செய்தார். படமும் பேச்சும் சேர்ந்தால் மாணவர்களுக்கு நன்றாகப் புரிகிறது. அதே பேச்சை எழுத்தாகவும் சேர்த்துத் திரையில் ஓட்டினால் புரிதல் குறைகிறது. அவர் கண்டவற்றில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு அதிகம் உதவுவது இதுதான்.

விலக்கும் உண்டு. காது சரியாகக் கேட்காதவர்கள் இருந்தால், அல்லது நீங்கள் பேசும் மொழி கேட்பவர்களுக்கு இரண்டாம் மொழியாக இருந்தால், எழுத்து வேண்டும். புதிய கலைச்சொல்லைத் திரையில் காட்டத்தான் வேண்டும். அப்புறம், எழுத்தே பாடமாக இருக்கும் இடங்கள்: ஒரு குறள், ஒரு சட்டப் பிரிவு, ஒரு கணக்கின் வாசகம். அவற்றை முழுதாகப் போடுங்கள். போட்டுவிட்டு, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருக்கும் பகுதிதான் நம்மில் பலருக்கும் வருவதில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், வராதவர்களுக்கு எதை அனுப்புவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்று வேறு வேலைகளை ஒரே கோப்பின் தலையில் கட்டுவதால்தான் ஸ்லைடுகள் கெடுகின்றன. பேசும்போது கேட்பவர் பார்க்க வேண்டியது ஒன்று. பேசுகிறவர் மறக்காமல் இருக்கக் குறித்து வைக்க வேண்டியது இன்னொன்று. வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டியது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே திரையில் திணித்தால், பார்க்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. படிக்க வேண்டியதற்கு முழு வாக்கியங்கள் வேண்டும், காரணங்கள் வேண்டும். புல்லட் வரிகளில் அவை இருக்காது. பார்க்க வேண்டியதற்கு அவை எதுவுமே வேண்டாம்.

பிரிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. இப்போது ஸ்லைடில் இருக்கும் புல்லட்டுகளை வெட்டி அங்கே ஒட்டுங்கள். பேசும்போது பிரசென்டர் வியூவில் அவை உங்களுக்கு மட்டும் தெரியும். அதையே கொஞ்சம் விரித்து முழு வாக்கியங்களாக எழுதி, ஸ்லைடும் குறிப்பும் ஒரே பக்கத்தில் வரும்படி பிடிஎஃப் ஆக்கினால் வராதவர்களுக்கு அனுப்பவும் ஒன்று கிடைத்துவிடும். அந்தத் தாளைப் பேச்சு தொடங்கும் முன்பே கொடுப்பதா, முடிந்தபின் கொடுப்பதா என்று கேட்பார்கள். முடிந்தபின் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுக்கப் போவதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கித் திரையைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

தலைப்பு எப்படி எழுதுவது?

வாக்கியமாக எழுதுங்கள். 'டெங்கு: ஓர் அறிமுகம்' என்பது எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்கிறது. என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது அதில் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பொறியியல் மாணவர்களுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்: மேலே ஒரு முழு வாக்கியம், கீழே அதற்குச் சான்றாக ஒரு படம் அல்லது வரைபடம், புல்லட் வேண்டாம்.

ஓர் ஊராட்சிக் கூட்டத்துக்கு டெங்கு பற்றி ஸ்லைடு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: மேலே 'டெங்கு: ஓர் அறிமுகம்'. கீழே ஏழு புல்லட். ஏடிஸ் கொசு பரப்புகிறது, பகலில் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும், காய்ச்சல், உடல்வலி வரும், இப்படியே போகும். வலது மூலையில் இணையத்தில் எடுத்த கொசுப் படம். இடது மூலையில் துறையின் லோகோ.

இப்போது கூட்டத்துக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது என்ன என்று யோசியுங்கள். அதுவே தலைப்பு: 'தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொசு பறக்கும் நிலைக்கே வராது'. கீழே ஒரே படம்: தண்ணீர்த் தொட்டியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது போல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கறுப்புப் புள்ளிகள், பக்கத்திலேயே 'முட்டை'. தண்ணீருக்குள் 'புழு', 'கூட்டுப்புழு'. மேலே 'கொசு'. முட்டையிலிருந்து கொசு வரை ஓர் அம்புக்குறி, அதன்மேல் '7 முதல் 10 நாள்'. வேறு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை, அந்த அம்புக்குறியே சொல்லிவிடுகிறது.

அடுத்த ஸ்லைடு அதே படம், தண்ணீர் மட்டும் இல்லை. சுவரில் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. தலைப்பு: 'தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்'. ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். புல்லட் பட்டியலில் இது ஆறாவது வரியாக எங்கோ கிடந்திருக்கும். அறிகுறிகள், மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் கையில் கொடுக்கும் தாளில் இருக்கட்டும்.

ஸ்லைடு கொஞ்சம் சரியில்லை என்றால் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது?

வகுப்பில் என்றால் யாரோ தூங்குவார்கள். வேறு இடங்களில் அப்படி முடிவதில்லை.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் கணக்கிட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற பொருளில் இருந்தது. அதன் கீழே படிப்படியாக உள்ளே தள்ளி, எழுத்தும் சிறுத்துக்கொண்டே போன வரிகள். கடைசிக்கு வந்தால்தான் விஷயமே தெரியும்: மோதிய துண்டு ஏறக்குறைய 1920 கன அங்குலம் இருக்கலாம், சோதனையில் பயன்படுத்தியதோ 3 கன அங்குலம். அறுநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். தலைப்பு நேர் எதிராக நின்றது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது, நிர்வாகத்திலேயே பல கோளாறுகள் இருந்தன. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் காட்டியது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டுப் பழகிவிட்டதையும் குறை சொன்னது. தரவுகளைக் காட்சிப்படுத்துவது பற்றி எழுதிவந்த எட்வர்டு டஃப்டி அதே ஸ்லைடை வரி வரியாகப் பிரித்து விளக்கியிருக்கிறார்.

முக்கியமானது எதுவோ அது தலைப்பில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

படம் போட வேண்டும் என்றால் எந்தப் படமும் போடலாமா?

அலங்காரத்துக்கு என்றால் வேண்டாம். கை குலுக்கும் இருவர், எரியும் பல்பு, படியேறும் வெள்ளைப் பொம்மை மனிதன்: இவற்றை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சுவாரசியமாக இருக்கிறதே என்று சேர்ப்பது இதைவிட ஆபத்து. மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை வைத்து ஷானன் ஹார்ப்பும் மேயரும் செய்த சோதனைகளில், மின்னல் தாக்கிய மனிதர்களைப் பற்றிய சுவையான செய்திகளையும் படங்களையும் சேர்த்தபோது மாணவர்கள் மின்னல் உருவாகும் விதத்தைக் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். கதை நினைவிருந்தது, பாடம் போய்விட்டது. 'ஒரு ஜோக் சொல்லித் தொடங்குங்கள்' என்று அறிவுரை சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

இன்னொன்று, பெயரைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். இதயத்தின் படம் போட்டு 1, 2, 3 என்று எண் கொடுத்து ஓரத்தில் பட்டியல் வைப்பது பாடநூல் பழக்கம். மாணவனின் கண் படத்துக்கும் பட்டியலுக்கும் ஓடி ஓடியே களைத்துவிடும். கற்கும் மனதின் சுமையைப் பற்றி 1980களிலிருந்து எழுதிவந்த ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் இதைக் கவனம் சிதறும் இடமாகத் தனியாகச் சுட்டிக்காட்டினார். வரைபடத்தில் நிறக் குறிப்புப் பெட்டியை ஓரத்தில் வைக்காமல் கோட்டின் நுனியிலேயே பெயர் எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே, அதற்கேற்பத் தனித்தனி ஸ்லைடு வேண்டாமா?

வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடுகிறது என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008இல் ஹரோல்டு பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளை அலசி எழுதினார்கள். படமும் பேச்சும் சேர்வது எல்லோருக்கும் உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே ஸ்லைடு ஒத்துவராது, அது உண்மை. புதியவருக்கு உதவும் படிப்படியான விளக்கம் விவரம் தெரிந்தவருக்கு இடைஞ்சல்.

எதை எங்கே வைப்பது? எனக்கு டிசைன் தெரியாது.

தெரிய வேண்டியது கொஞ்சம்தான். அருகருகே இருப்பவற்றைக் கண் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் என்று உளவியலாளர் மேக்ஸ் வெர்த்தைமர் 1923லேயே எழுதிவிட்டார். எனவே சேர்ந்தவை நெருங்கி இருக்கட்டும், சேராதவற்றுக்கு நடுவே வெற்றிடம் இருக்கட்டும். கோடும் பெட்டியும் போட்டுப் பிரிக்க வேண்டாம். எல்லாம் ஒரே இடது விளிம்பில் தொடங்கட்டும். காலி இடத்தைக் கண்டால் எதையாவது போட்டு நிரப்பும் கை நமக்கு இருக்கிறது, கல்யாணப் போஸ்டர்போல. அதை அடக்குங்கள்.

திரையின் கீழ்க் கால்பகுதியில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். பின்வரிசைக்காரருக்கு அங்கே முன்வரிசைத் தலைகள்தான் தெரியும்.

லோகோ முதல் ஸ்லைடில் இருந்தால் போதும். எந்த நிறுவனம் என்பதை யாரும் நடுவில் மறந்துவிடப் போவதில்லை.

தமிழில் ஸ்லைடு செய்தால் எழுத்து பிதுங்குகிறது, உடைகிறது. என்ன செய்ய?

ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் அப்படித்தான் ஆகும். அதே அளவில் தமிழ் கூடுதல் இடம் எடுக்கும். சொற்களும் நீளம். இரண்டு பத்தி, மூன்று பத்தி என்று பிரித்த பெட்டிகளில் 'கட்டுப்படுத்தப்படவேண்டும்' போன்ற ஒரு சொல்லே வரியை விழுங்கிவிடும். ஒற்றைப் பத்திதான் தமிழுக்கு நல்லது. வகுப்பறைக்கு எழுத்தளவு 28 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே இறங்காதீர்கள். வரி இடைவெளியை 1.2 அல்லது 1.3 வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'மூ', 'ழு' கால்கள் கீழ்வரியின் 'கீ', 'தி' கொண்டைகளில் இடிக்கும்.

தலைப்பு இரண்டு வரியானால் எங்கே உடைவது என்பதை மென்பொருளிடம் விடாதீர்கள். ஷிஃப்ட் விசையோடு என்டர் தட்டி, பொருள் நிற்கும் இடத்தில் நீங்களே உடையுங்கள். 'தொட்டியை வாரம் ஒருமுறை / தேய்த்துக் கழுவினால்' என்றால் ஓடும். 'தொட்டியை வாரம் / ஒருமுறை' என்றால் தடுக்கும்.

தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த வடிவமே உள்ள எழுத்துருவை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் பல தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாக மை பூசும். ண, ஐ, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். வெளியிடத்துக் கணினியில் காட்டுவதாக இருந்தால், விண்டோஸ் பவர்பாயிண்டில் சேமிப்பு அமைப்புக்குள் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கூடவே பிடிஎஃப் ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

கறுப்புப் பின்னணியா, வெள்ளைப் பின்னணியா?

அறையைப் பொறுத்தது. ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. நாம் கறுப்பு என்று பார்ப்பது வெளிச்சம் விழாத இடம், அவ்வளவுதான். ஜன்னல் திறந்த வகுப்பறையில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறச் சுவராக இருக்கும், அதன் மேல் எழுத்து நிற்காது. அங்கே வெள்ளைப் பின்னணியில் கருநீலமோ கறுப்போதான் சரி. இருட்டிய அரங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

இணையத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்று ஒரு தரநிலை உண்டு. ப்ரொஜெக்டரில் அதைவிடக் கூடுதலாகவே வையுங்கள், பழைய விளக்கு பாதியைத் தின்றுவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒரு வகுப்பில் ஓரிருவர் இருக்கக்கூடும், பெரும்பாலும் பையன்கள். சரி, தவறு என்பதை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள்.

அட்டவணையை அப்படியே ஒட்டலாமா?

38 மாவட்டத் தேர்ச்சி விகிதத்தை அட்டவணையாகக் காட்டினால் ஒவ்வொருவரும் தன் மாவட்டத்தைத் தேடுவார், உங்களைக் கேட்கமாட்டார். அதைக் கிடைமட்டப் பட்டைகளாக வரிசைப்படுத்துங்கள். 37 பட்டை சாம்பல் நிறம், நீங்கள் பேசப் போகும் மாவட்டம் மட்டும் வண்ணம். அட்டவணை தாளில் போகட்டும்.

வட்ட வரைபடம் அழகுதான். ஆனால் ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளையும் பட்டைகளையும் ஒப்பிடுவதைவிடக் கோணங்களை ஒப்பிடுவதில் நாம் அதிகம் தவறுகிறோம். வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். முப்பரிமாண வட்டம் இன்னும் மோசம், முன்னால் இருக்கும் துண்டு எப்போதும் பெரிதாகவே தெரியும்.

அனிமேஷன்?

எழுத்து சுழன்று பறந்து வருவதற்குக் கூடாது. ஒரு சிக்கலான படத்தைப் பகுதி பகுதியாகத் திறந்து காட்டுவதற்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் வெறும் 'தோன்று' போதும்.

மொத்தம் எத்தனை ஸ்லைடு?

பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளி எழுத்து என்று, புதிய தொழில் தொடங்குகிறவர்களுக்கு அறிவுரை எழுதும் அமெரிக்கரான கை கவாசாகி சொன்னது முதலீட்டாளரிடம் பணம் கேட்கப் போகிறவர்களுக்கு. வகுப்புக்கு அந்தக் கணக்கு வேண்டாம். தொட்டிப் படத்தைப் போல ஒரு விஷயத்துக்கு ஒரு ஸ்லைடு என்று பிரித்தால் நாற்பது ஸ்லைடுகூட அரைமணியில் ஓடும்.

மறுவாரம் கேட்டால் மாணவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. ஸ்லைடால் என்ன செய்ய முடியும்?

நடுநடுவே வெறும் கேள்வி மட்டும் உள்ள ஸ்லைடு வையுங்கள், பதில் இல்லாமல். ஒரு நிமிடம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் செய்த சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். முதல் கேள்வி ஸ்லைடு சென்ற வகுப்பைப் பற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் வரும் 'நன்றி' ஸ்லைடை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு கேள்வியை வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு நிமிடத்தில் ஸ்லைடு செய்து தருகிறதே?

தரும். தலைப்பும் நாலு புல்லட்டும் ஒரு அலங்காரப் படமுமாக, நாம் இதுவரை வேண்டாம் என்று சொன்ன அதே ஸ்லைடை வேகமாகத் தரும். கையில் கொடுக்கும் தாளுக்கு முதல் வரைவு எழுத வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

என்னிடம் பழைய ஸ்லைடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை.

மாற்ற வேண்டாம். அடுத்த வகுப்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு தலைப்பையும் வாக்கியமாக்குங்கள். வாக்கியமாக்க முடியாத ஸ்லைடுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம், அதை மறைத்துவிடுங்கள். புல்லட்டுகளைக் குறிப்புப் பகுதிக்கு இறக்குங்கள். படம் தேட நேரமில்லை என்றால் தலைப்பு வாக்கியம் மட்டும் பெரிதாக நிற்கட்டும். விளக்கமாகப் பேசும்போது விசைப்பலகையில் பி எழுத்தைத் தட்டினால் பவர்பாயிண்ட் திரையை இருட்டாக்கும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டிய இடங்களில் அப்படியே செய்யுங்கள்.